தார்ப்பாய் எடுத்தவர்களுக்கு ஜப்பானிய மொழியில் என்ன பேர்?

போன வாரம் திருநின்றவூர் லோக்கலில் வழக்கம்போல நெரிசல். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் எனக்கு எதிரே ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள். என் மடியில் இருந்த தடித்த அகராதியையே பார்த்துக்கொண்டு வந்தவள், பட்டாபிராம் தாண்டியதும் கேட்டே விட்டாள்.

"மேடம், இது சைனீஸா?"

"ஜப்பானீஸ்."

"படிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"படிச்சாத்தாம்மா சம்பளம்!"

சிரித்தாள். சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டாள். "இதுவரைக்கும் நீங்க டிரான்ஸ்லேட் பண்ணதுலயே ரொம்பக் கஷ்டமான வார்த்தை எது மேடம்?"

ஏதாவது வாயில் நுழையாத மெஷின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"கொள்ளைக்காரன்" என்றேன்.

"என்னது... கொள்ளைக்காரனா?"

விளக்குவதற்குள் அம்பத்தூர் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து இறங்கினேன். அந்தப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபடியே போனாள். பாவம், பதில் பாதியில் நிற்கிறது. அவள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவளாக இருந்தால் மீதியை இங்கே படித்துக்கொள்ளட்டும்.

பழைய வாசகர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி — அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஜப்பானியத் தொழில்நுட்ப உதவியோடு நடக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிய மொழி மேல் எனக்குப் பெரிய காதல் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போனேன். இடம் இல்லை என்றார்கள். பக்கத்து அறையில் ஜப்பானிய வகுப்பு. அங்கே இடம் நிறையவே இருந்தது!

சரி, கதைக்கு வருகிறேன். நாலைந்து வருஷம் முன்னால் நடந்தது.

அந்த வருஷ ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. ஏரி நிரம்பி வழிந்தது. எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கம் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், புறம்போக்கு நிலத்தில் கொஞ்சம் குடிசைகள். தொழிற்பேட்டை வருவதற்கு முன் அந்த இடமெல்லாம் நெல் வயல். அந்த வயல்களில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள்தான் குடிசைக்காரர்கள். வயல் போனது... ஆண்கள் சுற்றுவட்டார இரும்பு வார்ப்பு ஃபவுண்டரிகளில் கூலிக்குப் போனார்கள், பெண்கள் சுமை தூக்கப் போனார்கள்.

மழையில் வாய்க்கால் கரை உடைந்தது. மண்சுவர்கள் கரைந்து குடிசைகள் உட்கார்ந்துவிட்டன. எங்கள் காம்பவுண்டு சுவரும் பின்பக்கம் ஒரு இடத்தில் சரிந்தது. சுவருக்குள்ளே திறந்தவெளியில், ஜப்பானிலிருந்து வந்த மெஷின் பாகங்கள் மரப்பெட்டிகளில் இருந்தன. அவற்றின் மேல் பெரிய பெரிய தார்ப்பாய்களைக் கட்டியிருந்தார்கள்.

பொழுது விடிந்த நேரத்தில் குடிசை ஜனங்கள் அந்தச் சுவர் வழியாக உள்ளே வந்தார்கள். தார்ப்பாய்களை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டிகளைப் பெயர்த்துப் பலகைகளையும் எடுத்தார்கள். உள்ளே இருந்த இரண்டு முக்கியமான பாகங்களைக் காணோம்.

ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த அன்று நான் வேலைக்குப் போனேன். என் மேஜையில் ஒரு டைப் அடித்த தாள் காத்திருந்தது. மேனேஜர் ஜெயராமன் சார் ஆங்கிலத்தில் எழுதிய ரிப்போர்ட். ஜப்பானியக் கம்பெனிக்கு அனுப்ப நான் அதை மொழிபெயர்க்க வேண்டும்.

படித்தேன். தூக்கிவாரிப்போட்டது.

ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று வெள்ளத்தைச் சாதகமாக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குள் புகுந்து சூறையாடிவிட்டதாம். ஒரு வரியில் 'ரெய்டர்ஸ்' என்று இருந்தது. அடுத்த வரியில் 'பேண்டிட்ஸ்'. அதற்கும் அடுத்த வரியில் 'ப்ளண்டரர்ஸ்'. நம் மேனேஜருக்குள் இப்படி ஒரு சரித்திரக் கதாசிரியர் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆனால் கடைசிப் பாராவில் கதை இல்லை, காரியம் இருந்தது. 'இந்தக் குற்றவாளிகளின் குடியிருப்பு இங்கே இருக்கும்வரை உங்கள் எஞ்சினீயர்களின் பாதுகாப்புக்கு நாங்கள் உத்தரவாதம் தர முடியாது. குடியிருப்பை அகற்றச் சொல்லி நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால், நாங்கள் கலெக்டர் ஆபீஸில் பார்த்துக்கொள்கிறோம்.'

விஷயம் புரிந்துவிட்டதா? அந்தப் புறம்போக்கில் இரண்டாவது ஷெட் போட வேண்டும் என்று மேனேஜருக்கு வெகு நாளாக ஆசை. மனு போட்டும் நகரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வந்தால்... நகராதது எல்லாம் நகருமே!

ஒன்று சொல்ல வேண்டும். ஜெயராமன் சார் வில்லன் இல்லை. வெள்ளம் வந்தபோது வீட்டுக்குப் போகாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மோட்டார்களைக் கழற்றி மேலே ஏற்றியவர் அவர்தான். அவர் நிற்காவிட்டால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை போயிருக்கும். அதில் வந்த காய்ச்சலோடுதான் ரிப்போர்ட்டையும் எழுதியிருந்தார். இப்போது ரிடையர் ஆகி அண்ணா நகரில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க, பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

அகராதியைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. வருஷக்கணக்கில் நட்டு, போல்ட், ஆயில் சீல் என்றே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவளுக்கு 'கொள்ளைக்காரன்' என்பது விருந்துச் சாப்பாடு இல்லையா? ஜப்பானிய மொழியில் கொள்ளைக்காரனுக்கு ஒரு பேரா, இரண்டு பேரா... அடேயப்பா! கிடைத்ததை எல்லாம் எழுதிக்கொண்டு ஹிரானோவிடம் போனேன்.

ஹிரானோ எங்கள் தொழிற்சாலையில் தங்கியிருந்த ஜப்பானிய எஞ்சினீயர். என் வயதுதான். தயிர்சாதம் ரசித்துச் சாப்பிடுவார். தமிழில் 'செரி', 'செரி இல்ல' — இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஷாப் ஃப்ளோரை நடத்துவார். வெள்ளத்தன்று அவர் கெஸ்ட் ஹவுஸை விட்டு வெளியே வரவில்லை. அதனால் நடந்தது எதையும் பார்க்கவில்லை. நாங்கள் ஜப்பானிய மொழியில்தான் பேசிக்கொள்வோம்.

"ஸான்ஸோகு போடலாமா?" என்று கேட்டேன்.

"ஸான் என்றால் மலை. மலையில் பதுங்கியிருந்து இறங்கி வருகிற கொள்ளையர்கள். அம்பத்தூரில் மலை எங்கே இருக்கிறது?"

"அப்படியானால் கைஸோகு?"

"கடலில் வருகிறவர்கள். தண்ணீர் வந்தது உண்மைதான். கப்பல் வந்ததா?"

"பாஸோகு?"

"குதிரையில் வருகிறவர்கள்."

"ஓய்ஹாகி?"

"வழியில் போகிறவனை மறித்து, உடுத்திய துணிவரை உரித்துக்கொள்கிறவன். யாருடைய துணி போயிற்று?"

அவர் கிண்டல் செய்யவில்லை. மைக்ரோமீட்டரில் அளவு பார்க்கும்போது எந்த முகமோ, அதே முகம். தப்பான அளவு என்றால் தப்பு, அவ்வளவுதான்.

"போலீஸ், பத்திரிகை எல்லாம் என்ன வார்த்தை போடும்?"

"கோதோ. மிரட்டியோ அடித்தோ பறித்தால் கோதோ. வாட்ச்மேனை அடித்தார்களா?"

எனக்குத் தெரியவில்லை. அங்கேதான் என் உற்சாகம் இறங்கியது. வார்த்தைகளின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறேன்... என்ன நடந்தது என்று எனக்கே தெரியாதே?

இந்தப் பெயர்களில் பலவற்றின் கடைசியில் வரும் 'ஸோகு' என்ற எழுத்தை மறுபடி பார்த்தேன். ஜப்பானிய எழுத்துகள் சில, சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து உண்டானவை. 'ஸோகு'வில் ஒரு பக்கம் சிப்பி — அந்தக் காலத்துப் பணம். மறுபக்கம் ஆயுதம். இரண்டும் சேர்ந்தால்தான் கொள்ளைக்காரன். சரி, ரிப்போர்ட்டில் சொன்ன ஆயுதம் எது?

நேராக வாட்ச்மேனிடம் போனேன்.

"அரிவா மேடம்! பெர்ர்ரிய அரிவா. நானே கண்ணால பாத்தேன்!"

"உங்களை வெட்ட வந்தாங்களா?"

"என்னிய எதுக்கு வெட்றாங்க? அந்தப் பொம்பள தலைல வச்சிகினு போனா."

"தலையிலயா? அரிவாளையா?"

"குண்டான், பாய், துணி மூட்டை... அதும் மேல வச்சி கட்டிகினு..." என்றவர் கொஞ்சம் தயங்கினார். "அரிவாமணை மேடம். மீன் நறுக்கறது."

நான் அங்கேயே நின்றேன். வீடு இடிந்து, கையில் கிடைத்த சாமானைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடிய ஒரு பெண்ணின் அரிவாள்மணைதான் 'ஆயுதம் தாங்கிய கும்பல்'!

அப்போதே முடிவு செய்துவிட்டேன். போய்ப் பார்க்காமல் ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடிந்த சுவரைத் தாண்டி வாய்க்காலில் இறங்கினேன். முழங்கால்வரை சேறு. அந்தப் பக்கம் ஏறினால் எங்கள் தார்ப்பாய்கள் வரிசையாகக் கூரையாகி நிற்கின்றன. அவற்றின் மேல் ஜப்பானியக் கம்பெனியின் பெயர் ஜப்பானிய எழுத்தில், சில இடத்தில் தலைகீழாக.

என்னைப் பார்த்ததும் ஒரு பெண் முன்னால் வந்து வழியை மறித்தாள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஃபவுண்டரியில் இரும்பு சுமக்கிறவள். பெயர் பவுனு என்று பிறகு சொன்னாள்.

"இன்னாக்கா? போலீசு வருதா பின்னால?"

"போலீஸ் இல்லம்மா. ஜப்பானுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதணும். என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்ட கேக்க வந்தேன்."

"ஜப்பானுக்கா? எங்களப் பத்தியா?" அவள் திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. "கேளு. எங்களாண்ட ஒளிக்க ஒண்ணும் இல்ல. தண்ணி இடுப்புக்கு வந்துச்சி. கொயந்தைங்கள தோள்ல போட்டுகினு எங்க போறது? ஒங்க செவுரு வியுந்துச்சி. உள்ள பாய் கீது. எட்தோம். எடுக்கலன்னு நான் சொன்னனா?"

"பலகையை ஏன் பேத்தீங்க?"

பவுனு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தார்ப்பாய்க்குள் இழுத்துப் போனாள்.

உள்ளே, சேற்றுக்கு மேல் பலகைகளை அடுக்கி, அதன் மேல் ஒரு கிழிந்த பாயில் ஒரு பெண் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் ஒரு சின்ன முகம்.

"மயையிலதான் பொறந்துச்சி" என்றாள் பவுனு. "சேத்துல படுக்க வெக்க சொல்றியா?"

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்த பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டேன். அதைக் கேட்காமல் போனால் பார்க்க வந்ததற்கே அர்த்தம் இல்லை.

"பெட்டிக்குள்ள ரெண்டு சாமான் இருந்துச்சே, பவுனு. அதைக் காணோம்."

"அந்த இரும்பா? அத்த எவன் எட்தான்? எண்ண பேப்பர் சுத்தி, கனமா இருந்துச்சி. பம்பு ரூம்பு மேல வச்சிட்டுதான் பொட்டியப் பேத்தோம். போய்ப் பாரு."

"மேலயா?"

"பின்ன, கீய வெச்சா தண்ணில பூடாது? நானும் டெய்லி இரும்பு தூக்கறவதானே."

திரும்பி ஓடினேன். ஹிரானோவைக் கூப்பிட்டேன். ஏணி போட்டு அவரே பம்ப் ரூம் கூரையில் ஏறினார். இத்தனை நாளாகக் கீழே தேடியவர்கள் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை!

இரண்டும் அங்கேதான் இருந்தன. ஒன்று, காகிதம் கலையாமல் அப்படியே. மற்றொன்றின் காகிதம் கிழிந்து, மழை இறங்கித் துரு ஏறியிருந்தது. ஹிரானோ அதைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஒண்ணு செரி" என்றார் தமிழில். "ஒண்ணு செரி இல்ல."

சாயங்காலம் ஜெயராமன் சார் கூப்பிட்டு அனுப்பினார். நானும் ஹிரானோவும் போனோம். சேறு காய்ந்த புடவையோடு அப்படியே போய் நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார். எங்கே போயிருந்தேன் என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

"ரிப்போர்ட் ரெடியா?"

பாகங்கள் கிடைத்ததைச் சொன்னேன். ஒன்று கெட்டுப்போனதையும் சொன்னேன். அரிவாள்மணையைச் சொன்னேன். பலகை மேல் படுத்திருந்த பெண்ணைச் சொன்னேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பார்ட் கிடைச்சது நல்லதாப் போச்சு. அதைச் சேத்துக்கோங்க. மத்தது நான் எழுதினபடியே போகட்டும். நீங்க டிரான்ஸ்லேட்டர்மா. ஜட்ஜ் இல்ல."

அவர் சொன்னது நியாயம்தான். மொழிபெயர்ப்பாளர் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. அந்த அறையில் ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் நானும் ஹிரானோவும்தான். அவர் சொன்னதற்குச் 'சரி சார்' என்று தலையாட்டிவிட்டு, தாளில் எனக்குப் பிடித்ததை எழுதியிருக்கலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் அது பொய் வேலை. ஒரு பொய்யை நிறுத்த இன்னொரு பொய்யா? அவர் முகத்துக்கு நேராகவே பேசிவிடுவது என்று தீர்மானித்தேன்.

"நீங்க சொன்னபடியே எழுதறேன் சார். ஆனா ஜப்பானிய மொழியில பொதுவா ஒரு கொள்ளைக்காரன் கிடையாது. எந்தக் கொள்ளைக்காரன்னு நீங்கதான் சொல்லணும். மலையிலேர்ந்து வந்தாங்களா?"

"என்ன கேள்வி இது? இங்க ஏது மலை?"

"கப்பல்ல வந்தாங்களா? குதிரையிலயா?"

"விளையாடறீங்களா?"

"இல்ல சார். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வார்த்தை. வாட்ச்மேனை அடிச்சாங்களா?"

"...இல்ல."

"மிரட்டினாங்களா?"

"இல்ல. ஆனா பொருளை எடுத்தாங்களா இல்லையா? சும்மா தோரணம் கட்ட வந்தாங்களா?"

"எடுத்தாங்க. 'அனுமதி இல்லாம எடுத்துக்கொண்டு போனார்கள்'னு எழுதறேன். அது உண்மை. ஒரு பார்ட் துருப்பிடிச்சதையும் எழுதறேன். ஆனா கொள்ளைக்காரன், 'ஸோகு'ன்னு எழுத ஆயுதம் வேணும். அரிவாள்மணையைக் கணக்குல சேத்தா எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இதோ பாருங்க, உங்களால முடியலன்னா சொல்லுங்க. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

திருநின்றவூரில் எங்கள் வீட்டுச் சுவர் அப்போதுதான் லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது. ஆவடியில் என் கணவர் வாங்கும் சம்பளத்தில் சாப்பாடு நடக்கும், கூரை நடக்காது. எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனாலும் பின்வாங்கத் தோன்றவில்லை. அந்தப் பலகையில் படுத்திருந்தவளுக்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லையே.

"பாத்துக்கோங்க சார். ஆள் கிடைப்பாங்க. ஆனா என் கையெழுத்துப் போட்டுப் போற தாள்ல அந்த வார்த்தை போகாது."

ஜெயராமன் சார் என்னை விட்டுவிட்டு ஹிரானோ பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். "உங்கள் ஊரில் பூகம்பம் வருகிறது, தீப்பிடிக்கிறது. அந்தக் குழப்பத்தில் புகுந்து அடிக்கிறவனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? ஒரு வார்த்தை இருக்குமே?"

ஹிரானோ ஒரு நிமிஷம் யோசித்தார். "இருக்கிறது. கஜிபா-தோரோபோ."

"அதுதான்!" மேனேஜர் மேஜையைத் தட்டினார். "அதைப் போடுங்கம்மா! அர்த்தம் சரியா இருக்கா?"

"அர்த்தம் சொல்றேன் சார்" என்றேன். "கஜிபான்னா தீப்பிடிச்ச இடம். தோரோபோன்னா திருடன். அடுத்தவன் வீடு எரியறப்போ உள்ளே புகுந்து லாபம் பாக்கறவன்."

"கரெக்ட்."

"அன்னிக்கு வீடு போனது யாருக்கு சார்?"

மேஜை மேல் அந்தப் புறம்போக்கு நிலத்துக்கான மனு ஃபைல் திறந்தே கிடந்தது. இரண்டாவது ஷெட்டின் ப்ளான், நீல மையில். நானும் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஹிரானோ பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெயராமன் சார் மெதுவாக அந்த ஃபைலை மூடினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். காய்ச்சல் இன்னும் விடவில்லை போல, கண் சிவந்திருந்தது.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்றார்.

"யார் சார்?"

"அதான்... பலகை மேல."

"படுத்திருக்கா சார். குழந்தை தூங்குது."

பழைய ரிப்போர்ட்டைக் கையில் எடுத்து ஒருமுறை படித்தார். 'பேண்டிட்ஸ்' மேல் பேனாவால் ஒரு கோடு. 'ரெய்டர்ஸ்' மேல் ஒரு கோடு. 'ப்ளண்டரர்ஸ்' கொஞ்ச நேரம் தப்பித்தது. பிறகு அதன் மேலும் ஒரு கோடு. கடைசிப் பாராவை மொத்தமாக அடித்தார்.

"அனுமதி இல்லாமன்னு போடுவீங்கதானே?"

"கண்டிப்பா சார்."

"யாருன்னு எழுதுவீங்க? ஆளுக்கு ஒரு பேர் வேணுமே?"

அதற்கு அகராதி தேவைப்படவில்லை. வகுப்பில் சேர்ந்த புதிதிலேயே கற்றுக்கொடுத்த வார்த்தை. "கின்ஜோ நோ ஹிதோ" என்றேன்.

"அப்படின்னா?"

"அக்கம்பக்கத்துக்காரங்க."

ஹிரானோ ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். "செரி" என்றார்.

ரிப்போர்ட் போயிற்று. ஜப்பானிலிருந்து பதிலும் வந்தது. 'கெட்டுப்போன பாகத்துக்குப் பதில் வேறு அனுப்புகிறோம். இனிமேல் பெட்டிகளைத் திறந்தவெளியில் வைக்க வேண்டாம்.' அவ்வளவுதான். கூடவே கடைசியில் ஒரு வரி — 'வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட அக்கம்பக்கத்தார் நலமா?' மேனேஜரிடம் அதைப் படித்துக் காட்டினேன். திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

எல்லாம் தலைகீழாக மாறி எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று நினைக்காதீர்கள். தார்ப்பாய்களை மழைக்காலம் முடிந்ததும் திருப்பிக் கேட்டார்கள். சிலது வந்தது, சிலது வரவில்லை. வாட்ச்மேன் இன்றைக்கும் அது அரிவாள்தான் என்கிறார். இரண்டாவது ஷெட்டை வேறு பக்கம், பழைய கேன்டீனில் பாதியை இடித்துவிட்டுக் கட்டினார்கள். கேன்டீன் சின்னதாகிப்போன கோபத்தில் எங்கள் ஆட்கள் பல பேர் என்னிடம் கொஞ்ச காலம் பேசவில்லை. குடிசைகள் அங்கேயேதான் இருக்கின்றன. சிலவற்றுக்கு ஓடு போட்டுவிட்டார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. பெரிய பெரிய வார்த்தைகளை நாம் தூரத்தில் நின்றுதான் வைக்கிறோம். வாய்க்காலில் இறங்கி அந்தப் பக்கம் ஏறிய பிறகு அந்த வார்த்தைகள் வாயில் வருவதில்லை. வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். யார் மேஜையைத் தட்டினாலும் சரி.

பதில் வந்த வாரம், ஷிஃப்ட் விட்டு ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தேன். எதிரே பவுனு, தலையில் சும்மாடோடு வேலை முடித்து வந்துகொண்டிருந்தாள்.

"யக்கா, ஜப்பான்காரனுக்கு எயுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எங்கள இன்னான்னு எயுதுன?"

"பக்கத்து வீட்டுக்காரங்கன்னு எழுதினேன்."

நின்று யோசித்தாள். அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு எங்கள் கேட் பக்கம் கையை நீட்டினாள்.

"பக்கத்து ஊடுன்ற... இத்தினி வருசமா கீறோம், ஒரு நாளு 'வா, ஒக்காரு'ன்னானுங்களா?"